ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியின் கலப்பைக் கண்டுபிடிப்பது எப்படி? எலிகளை எண்ணி வழிகாட்டிய ஜே.பி.எஸ். ஹால்டேனின் கதை

1989க்குப் பிறகு மலேசியாவில் பிறந்தவரா நீங்க? அப்படியானால் பிறந்த கையோடு ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருப்பாங்க. அம்மா அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் உங்க சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டினால் தேதியோடு இருக்கும்.

சரி, அம்மாவுக்கு? அப்பாவுக்கு? சுங்கை ஆயர் தாவார், சபாக் பெர்ணம், கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் அதற்கு முன்பே பிறந்து வளர்ந்த மாமா, அத்தை, தாத்தா, பாட்டிக்கு? அவங்க கைக்குழந்தையாக இருந்தபோது அப்படி ஒரு திட்டமே நாட்டில் இல்லை. ஹெப்பாடைட்டிஸ் பி பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

இந்தக் கிருமியைப் பற்றி இன்னொரு விஷயமும் இருக்கு. ஒரே உடலில் இரண்டு வகை ஹெப்பாடைட்டிஸ் பி கிருமிகள் சந்தித்தால், இரண்டும் தங்கள் மரபணுத் துண்டுகளைக் கலந்து மூன்றாவது ஒன்றை உருவாக்கலாம். அறிவியலில் இதை மறுசேர்க்கை என்கிறார்கள். கண்ணால் பார்க்க முடியாத ஒன்று கலப்பா, கலப்பில்லாததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கான அடிப்படைச் சிந்தனையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இந்தக் கிருமி எது என்று உலகம் உறுதிசெய்யும் முன்பே, 1964இல், ஒடிசாவின் புவனேஸ்வரில் இந்தியக் குடிமகனாக இறந்துபோனவர். அறிவியல் பட்டம் எதுவும் வாங்காத அறிவியலாளர்.

யார் இந்த ஹால்டேன்?

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892 நவம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன் உடலியல் அறிஞர். சுரங்கத் தொழிலாளர்களைக் கொல்லும் வாயுக்களைப் பற்றி ஆராய்ந்தவர். எந்த வாயு மனிதனை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள முதலில் தானே அதைச் சுவாசித்துப் பார்ப்பார். சின்ன வயதிலேயே மகனையும் சுரங்கங்களுக்கு அழைத்துப் போவார். அடுத்தவர் உடலில் சோதிக்கும் முன் தன் உடலில் சோதிக்கணும் என்பது அந்தக் குடும்பத்தின் பழக்கம்.

எட்டு வயதில் அப்பாவோடு ஒரு சொற்பொழிவுக்குப் போனார். மெண்டல் பட்டாணிச் செடிகளில் கண்டுபிடித்த மரபு விதிகளைப் பற்றிய கூட்டம் அது. பேசியவர் டார்பிஷயர் என்ற ஆய்வாளர். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

வீட்டில் தங்கை நவோமி கினிப் பன்றிகள் வளர்த்தாள். பின்னாளில் நவோமி மிச்சிசன் என்ற பெயரில் புகழ்பெற்ற எழுத்தாளரானவர் இவர்தான். தோட்டத்துப் புல்வெளியில் ஓடிய அந்தப் பிராணிகளின் நிறமும் ரோமமும் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறுகிறது என்று அண்ணனும் தங்கையும் எழுதி வைத்தார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஹால்டேன் படித்தது முதலில் கணிதம். பிறகு கிரேக்க, லத்தீன் இலக்கியங்களும் தத்துவமும். உயிரியல் பட்டம் வாங்கவே இல்லை.

எலிகள் சொன்ன கணக்கு

மாணவராக இருந்தபோது, டார்பிஷயர் வெளியிட்டிருந்த எலி இனப்பெருக்கக் கணக்குகள் அவர் கண்ணில் பட்டன. எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது ஒன்று உதைத்தது. ஒவ்வொரு குணமும் தனித்தனியாகப் பிள்ளைகளுக்குப் போகும் என்பது மெண்டல் சொன்ன விதி. ஆனால் இந்த எலிகளில் இரண்டு குணங்கள் ஒன்றையொன்று விடாமல் சேர்ந்தே போவதுபோல் தெரிந்தது. எண்ணியவர் டார்பிஷயர். அந்த எண்களுக்குள் ஒளிந்திருந்ததைப் பார்த்தது ஹால்டேன்.

உடனே வெளியிட முடிந்ததா? இல்லை. அடுத்தவர் கணக்கை மட்டும் வைத்துப் பேசினால் போதாது, சொந்தமாக எலி வளர்த்து எண்ணிப் பார் என்று மூத்தவர்கள் ஆலோசனை சொன்னார்கள். ஹால்டேனும் நவோமியும் நண்பர் ஏ.டி. ஸ்ப்ரண்டும் அந்த வேலையில் இறங்கினார்கள்.

அதற்குள் முதல் உலகப்போர் வந்துவிட்டது. ஹால்டேன் பிளாக் வாட்ச் படைப்பிரிவில் சேர்ந்து பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். ஸ்ப்ரண்டும் போருக்குப் போனார், 1915இல் கொல்லப்பட்டார். ஹால்டேனும் சாகலாம் என்ற நிலையில், கட்டுரை முழுமையாகும் வரை காத்திருக்க நேரமில்லை. அந்த ஆண்டே 'ஜர்னல் ஆஃப் ஜெனடிக்ஸ்' இதழில் மூன்று பேர் பெயரிலும் ஒரு சிறு கட்டுரை வெளியானது. எலிகளில் வெளிறிய தோலைத் தரும் மரபணுவும் இளஞ்சிவப்புக் கண்ணைத் தரும் மரபணுவும் பிணைந்திருக்கின்றன என்றது அது. பாலூட்டிகளில் மரபணுப் பிணைப்பு இருப்பதைக் காட்டிய முதல் சான்று அதுதான்.

இது ஏன் முக்கியம்? இரண்டு மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் ஒன்றாகவே பிள்ளைக்குப் போகும். ஆனால் முட்டையும் விந்தும் உருவாகும்போது அப்பா வழி, அம்மா வழிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. சில சமயம் வெட்டு அந்த இரண்டு மரபணுக்களுக்கும் நடுவில் விழும். அப்போது இரண்டும் பிரிந்துவிடும். எத்தனை பிள்ளைகளில் பிரிந்தது என்று எண்ணினால், அந்த மரபணுக்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று தெரியும். நுண்ணோக்கி வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும்.

லேன் மாறியவரை எப்படிப் பிடிப்பது?

போர் முடிந்ததும் ஹால்டேன் கவனித்தது இன்னொரு சிக்கல். பிளஸ் நெடுஞ்சாலையில் இரண்டு டோல் சாவடிகளில் மட்டும் கேமரா இருக்குன்னு வச்சுக்குவோம். ஒரு கார் முதல் சாவடியில் இடது லேன், அடுத்த சாவடியிலும் இடது லேன். நடுவில் அது லேன் மாறவே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? வலது பக்கம் போய் மறுபடி இடது பக்கம் வந்திருக்கலாமே. இரண்டு முறை மாறினாலும் கேமராவுக்கு மாறாததுபோலத்தான் தெரியும்.

மரபணுக்களிலும் இதே கதை. இரண்டு வெட்டு விழுந்தால் வெளியே தெரியாது. அதனால் கண்ணில் பட்ட மாற்றங்களை மட்டும் எண்ணினால் தூரம் குறைவாகவே வரும். இந்த மறைந்த மாற்றங்களையும் சேர்த்துக் கணக்கிட 1919இல் ஹால்டேன் ஒரு சூத்திரம் எழுதினார். இன்றும் பல்கலைக்கழகப் பாடத்தில் அவர் பெயரிலேயே இருக்கிறது. தூரத்தை அளக்க 'சென்டிமோர்கன்' என்ற அலகையும் தந்தார். அவர் சூத்திரப்படி 50 சென்டிமோர்கன் தூரத்தில் உள்ள இரண்டு மரபணுக்கள் பிரிந்ததாக நம் கண்ணில் படுவது சுமார் 32 விழுக்காடுதான். மீதி மறைந்துவிடுகிறது.

மனிதர்களை எலிபோல் வளர்த்து எண்ண முடியாது. அதற்கும் வழி தேடினார். 1937இல் ஜூலியா பெல் என்பவரோடு சேர்ந்து, இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயும் நிறக்குருடும் உள்ள குடும்பங்களின் வம்சாவளிகளை ஆராய்ந்தார். இரண்டுக்கும் காரணமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் பிணைந்திருப்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

கிருமிக்குள் அதே கேள்வி

இப்போது ஹெப்பாடைட்டிஸ் பிக்கு வருவோம். ஹால்டேன் இந்தக் கிருமியை ஆராயவில்லை. கிருமி கலக்கும் முறையும் குரோமோசோம் துண்டு மாற்றும் முறையும் ஒன்றல்ல. ஆனால் ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வி அதேதான். இந்தத் துண்டு யாரிடமிருந்து வந்தது? எந்த இடத்தில் மாறுகிறது?

ஹெப்பாடைட்டிஸ் பியின் மரபணுத் தொகுதி ரொம்பச் சின்னது. வட்டமான டிஎன்ஏ, சுமார் 3,200 எழுத்துகள். மனிதனுக்கு இருப்பதோ முந்நூறு கோடிக்கு மேல். இந்தக் கிருமியில் ஏ முதல் எச் வரை எட்டு முக்கிய மரபு வகைகள் உண்டு, ஐ, ஜே என்ற இன்னும் இரண்டையும் ஆய்வாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள். சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பியும் சியும் அதிகம். இந்தியாவில் ஏயும் டியும் அதிகம். இந்த எல்லாப் பக்கத்திலிருந்தும் மக்கள் வந்து குடியேறிய நாடு நம்முடையது. மக்கள் கப்பலேறியபோது கிருமிகளும் கூடவே வந்தன.

ஒருவருக்கு இரண்டு மரபு வகைகள் தொற்றி, இரண்டும் ஒரே கல்லீரல் செல்லுக்குள் இருந்தால் கலப்பு நடக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

சுங்கை ஆயர் தாவார் என்றால் மலாயில் நன்னீர் ஆறு. ஓர் ஆறு கடலில் கலக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள என்ன செய்வீங்க? படகில் போய்க்கொண்டே, கொஞ்சம் கொஞ்சம் தூரத்தில் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வச்சுப் பார்க்கலாம். எங்கே உப்புக் கரிக்க ஆரம்பிக்கிறதோ அதுதான் மாறும் இடம்.

ஆய்வாளர்களும் கிருமியின் 3,200 எழுத்துகளை மொத்தமாக ஒப்பிடுவதில்லை. முதல் சில நூறு எழுத்துகளை எடுத்து, அது எந்த வகைக்கு நெருக்கம் என்று பார்ப்பார்கள். பிறகு சில எழுத்துகள் தள்ளி அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு. கலப்பில்லாத கிருமி என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வகையோடு ஒத்துப்போகும். கலப்பு என்றால் பாதி வழியில் உறவு மாறும். பி வகையோடு நெருங்கியிருந்த கோடு கீழே இறங்கும், சி வகையின் கோடு மேலே ஏறும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மறுசேர்க்கை நடந்த இடம். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக வம்சாவளி மரம் வரைந்து பார்ப்பது இன்னொரு முறை. ஒரு துண்டில் சித்தப்பா, அடுத்த துண்டில் மாமா என்று உறவு மாறினால் சந்தேகம் உறுதியாகும்.

இதற்கு உலகம் முழுக்கப் பயன்பட்ட ஒரு மென்பொருள் சிம்ப்ளாட். இந்தியாவில் எச்ஐவி தொற்றியவர்களின் கிருமிகளை ஆராய்ந்த இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட கட்டுரையில்தான் அது அறிமுகமானது.

இப்படித் தேடியதில் என்ன கிடைத்தது? ஹெப்பாடைட்டிஸ் பி கிருமிகள் கலக்கின்றன என்று 1996இலேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2002இல் அதைவிட ஆச்சரியமான ஒன்று தெரிய வந்தது. ஆசியக் கண்டத்தின் பெருநிலப் பகுதியில் பரவலாக இருக்கும் பி வகைக் கிருமிகளே கலப்புதான். அவற்றின் ஒரு பகுதி சி வகையிலிருந்து வந்தது. அந்தக் கலப்பு இல்லாத பி வகை ஜப்பானில் இருக்கிறது. திபெத்தில் சியும் டியும் கலந்த கிருமி பரவியிருக்கிறது. சுத்தம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த ஒன்று, எண்ணிப் பார்த்தால் பழைய கலப்பு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆய்வகத்தில் இரண்டு பேருடைய மாதிரிகள் தவறுதலாகக் கலந்துவிட்டாலும், படியெடுக்கும்போது துண்டுகள் ஒட்டிக்கொண்டாலும், முடிவு மறுசேர்க்கை மாதிரியே தெரியும். அதனால் நல்ல ஆய்வாளர்கள் மறுபடி மாதிரி எடுத்துச் சரிபார்ப்பார்கள். மாணவர் ஹால்டேனிடம் நீயே எலி வளர்த்து எண்ணிப் பார் என்று சொன்னார்களே, அதே பாடம்தான்.

நோய்க்கும் மரபணுவுக்கும் என்ன சம்பந்தம்?

இடைநிலைப்பள்ளி நான்காம் படிவத்தில் தலசீமியாவுக்காக இரத்தம் எடுத்தது ஞாபகம் இருக்கா? அதன் பின்னணியிலும் ஹால்டேன் இருக்கிறார். இரத்தச் சோகை தரும் இந்த மரபணு சில வட்டாரங்களில் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்ற கேள்விக்கு, 1940களின் கடைசியில் அவர் ஒரு விடை சொன்னார். அந்த மரபணுவில் ஒன்றை மட்டும் சுமப்பவர்கள் மலேரியாவிலிருந்து ஓரளவு தப்பித்திருக்கலாம் என்பதே அது. மலேரியா அதிகமான இடங்களில்தான் இத்தகைய இரத்தக் குறைபாடுகளும் அதிகம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. தொற்றுநோய்கள் மனித மரபணுவையே செதுக்குகின்றன என்ற எண்ணம் இன்று பாடப் புத்தகச் செய்தி. அன்று புதுசு.

அவர் தவறிய இடம்

ஹால்டேன் தன் உடலை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலம். 1939இல் தெட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தார்கள். அவர்கள் ஏன் தப்ப முடியவில்லை என்று அறிய, அழுத்த அறைக்குள் தானே போய் உட்கார்ந்தார். வலிப்பு வந்தது, முதுகெலும்பில் அடிபட்டது, அந்த வலி கடைசி வரை இருந்தது.

இவ்வளவு துணிச்சல் உள்ளவர், ஓர் இடத்தில் தயங்கினார். அவர் கம்யூனிஸ்ட். கட்சிப் பத்திரிகையான டெய்லி ஒர்க்கரில் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் நூற்றுக்கணக்கான அறிவியல் கட்டுரைகள் எழுதினார். அதே காலத்தில் சோவியத் யூனியனில் லைசென்கோ என்பவர் மரபணு அறிவியலே பொய் என்று பிரசாரம் செய்தார், ஸ்டாலின் அவர் பக்கம் நின்றார். 1928இல் ஹால்டேனை சோவியத்துக்கு அழைத்து உபசரித்த மரபியல் அறிஞர் வாவிலோவ், கைதாகி 1943இல் சிறையில் இறந்தார். 1948இல் லைசென்கோவின் கொள்கையே அரசாங்கக் கொள்கையானது. அப்போதும் ஹால்டேன் பகிரங்கமாக உடைத்துப் பேசவில்லை, இரண்டு பக்கமும் பேசினார். 1950 வாக்கில் சத்தமில்லாமல் கட்சியிலிருந்து விலகினார்.

எண்கள் சொல்வதை நம்பணும் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர், தன் கட்சி விஷயத்தில் அதைச் சொல்லத் தாமதித்தார். அவரைப் புகழ்பவர்களும் இதை மறைப்பதில்லை.

வேட்டி ஜிப்பாவில் ஒரு பேராசிரியர்

முதல் உலகப்போரில் மெசபொட்டேமியாவில் காயம்பட்டு, சிகிச்சைக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார் ஹால்டேன். அப்போதே அந்த நாடு பிடித்துப்போனது. ஆனால் ஆள்பவனாக அங்கே வாழப் பிடிக்கவில்லை. சூயஸ் கால்வாய்ப் பிரச்சினையில் பிரிட்டன் எகிப்தைத் தாக்கிய மறு ஆண்டு, 1957இல், லண்டன் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு மனைவி ஹெலன் ஸ்பர்வேயோடு கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார்.

இந்திய உடை உடுத்தினார், சைவத்துக்கு மாறினார், இந்தியக் குடியுரிமை பெற்றார். விலை உயர்ந்த கருவிகள் இல்லாமலும் நல்ல ஆய்வு செய்யலாம் என்று இளைஞர்களுக்குக் காட்டினார். பூவின் இதழ்களை எண்ணு, பறவைகளின் கூட்டைக் கவனி, ஊர்க் குடும்பங்களின் வம்சாவளியை எழுது என்று வெளியே அனுப்பினார். புள்ளியியல் கழகத்தில் கருத்து வேறுபாடு வந்து 1961இல் விலகினார். அடுத்த ஆண்டு புவனேஸ்வரில் ஒடிசா அரசின் ஆதரவோடு புதிய ஆய்வகம் தொடங்கினார். 1915இல் அவருடைய எலிக் கட்டுரை வந்த அந்த 'ஜர்னல் ஆஃப் ஜெனடிக்ஸ்' இதழையும் தன்னோடு இந்தியாவுக்குக் கொண்டு வந்தார். அது இன்று பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமியின் வெளியீடு.

கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனது

1963இன் இறுதியில் ஹால்டேனுக்கு மலக்குடலில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. லண்டன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. படுக்கையில் இருந்தபடியே புற்றுநோயைக் கிண்டலடித்து ஒரு கவிதை எழுதினார். 1964 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் வார இதழில் அது வெளியானது. மலக்குடல், இரத்தம் என்று வெளியில் பேசக் கூச்சப்படும் விஷயங்களைப் பச்சையாகச் சொன்னதால் சிலர் முகம் சுளித்தார்கள். அவர் சொல்ல வந்தது ஒன்றுதான்: அறிகுறி தெரிந்தால் பயந்து ஒளிக்காதே, சீக்கிரம் டாக்டரிடம் போ.

அவர் தப்பவில்லை. 1964 டிசம்பர் 1ஆம் தேதி புவனேஸ்வரில் இறந்தார். உடலை ஆந்திராவின் காக்கிநாடாவில் உள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். இறந்த பிறகும் மாணவர்கள் தன்னிடம் படிக்கட்டும் என்று நினைத்தவர்.

நமக்கு இதில் என்ன இருக்கு?

ஹெப்பாடைட்டிஸ் பி உடலுக்குள் பல ஆண்டுகள் சத்தமே இல்லாமல் இருக்கும். கண் மஞ்சளாகாது, வலிக்காது. கல்லீரல் சுருங்கிய பிறகோ புற்றுநோய் வந்த பிறகோதான் பலருக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022இல் 25 கோடியே 40 லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்ந்தார்கள். அந்த ஓர் ஆண்டில் சுமார் 11 லட்சம் பேர் இறந்தார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். பெரியவர்களான பிறகு தொற்றினால் பெரும்பாலோர் உடலே அதை விரட்டிவிடும். பிறந்தவுடன் ஊசி போடுவது அதனால்தான்.

கிருமி எப்படிக் கலந்தாலும் இன்றைய தடுப்பூசி எல்லா முக்கிய வகைகளுக்கும் எதிராக வேலை செய்கிறது. கிருமியின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை ஈஸ்ட்டுக்குள் சேர்த்துத் தயாரிப்பதால் அந்த ஊசியின் பெயரிலும் மறுசேர்க்கை உண்டு. ஏற்கெனவே தொற்று இருப்பவர்களுக்கு ஊசி பயன்படாது. ஆனால் கிருமியை அடக்கி வைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. யாருக்குத் தேவை என்று டாக்டர் சொல்வார்.

இது ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, கட்டிப்பிடித்தால் ஒட்டாது. இரத்தம், பிரசவம், உடலுறவு, பகிர்ந்துகொண்ட ஊசி அல்லது சவரக் கத்தி வழியாகத்தான் பரவும். தொற்று உள்ளவரை வீட்டில் ஒதுக்கி வைக்க எந்தக் காரணமும் இல்லை.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்க: ஹெப்பாடைட்டிஸ் பிக்கு எப்பவாவது இரத்தம் பரிசோதிச்சிருக்கீங்களா? இல்லை என்றால் பக்கத்து கிளினிக்குக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க. சாதாரண இரத்தப் பரிசோதனைதான்.